ஐஸ் டான்ஸ் கேள்வி பதில்: வெர்ச்சூ, மோயர் ஜோடியின் 22 ஆண்டுகள்

வணக்கம். கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு ரிங்கில் (ஐஸ் அரங்கில்) பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். ஐஸ் டான்ஸ்தான் என் துறை. கனடாவின் ஒலிம்பிக் தங்க ஜோடி டெஸ்ஸா வெர்ச்சூ, ஸ்காட் மோயர் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி (மதுரை): அக்கா, பேர் (pair) ஸ்கேட்டிங்கிலும் ஆணும் பெண்ணும்தான், ஐஸ் டான்ஸிலும் அப்படித்தான். என்ன வித்தியாசம்?

பேர் ஸ்கேட்டிங்கில் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கலாம், வீசி எறியலாம், இரண்டு மூன்று சுற்றுத் தாவல்கள் உண்டு. ஐஸ் டான்ஸில் இவை கிடையாது. லிஃப்ட் உண்டு, ஆனால் தூக்குபவர் தன் துணையைத் தலைக்கு மேலே கையில் ஏந்தி நிறுத்தக்கூடாது. அதனால் சிலர் இதை எளிது என்று நினைத்துவிடுகிறார்கள். அடுத்த முறை முகத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். பிளேடின் அடியில் நடுவே ஒரு பள்ளம், அதன் இரு பக்கமும் இரண்டு எட்ஜ், அதாவது விளிம்பு. நல்ல டான்ஸர் எப்போதும் ஒரு எட்ஜில்தான் இருப்பார், உடம்பே அந்தப் பக்கம் சாய்ந்து வளைந்து போகும். ட்விஸில் (twizzle) என்ற சுழற்சி வரும்போது இன்னும் நன்றாகத் தெரியும். ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டே இருவரும் ரிங்கைக் கடக்க வேண்டும், ஒரே வேகத்தில், இடைவெளி மாறாமல். ஒருவர் அரைச் சுற்று பிந்தினாலே கண்ணில் பட்டுவிடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வீடியோவில் பார்த்த லிஃப்டைப் பிள்ளைகள் ஐஸில் செய்து பார்க்க விடாதீர்கள். முதலில் எட்ஜ், பிறகு தரையில் மெத்தை போட்டு, பயிற்சியாளர் முன்னால் லிஃப்ட்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள்?

லண்டன் நகரத்துக்குப் பக்கத்தில், ஒன்டாரியோ லண்டனைத்தான் சொல்கிறேன், இல்டர்டன் என்று ஒரு சின்ன ஊர். 1997இல் ஸ்காட்டின் அத்தை கேரல் மோயர்தான் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார். டெஸ்ஸாவுக்கு 7 வயது, ஸ்காட்டுக்கு 9. அப்புறம் கிச்சனர்-வாட்டர்லூ, அங்கிருந்து அமெரிக்காவில் மிச்சிகனின் கேன்டன். 2006இல் உலக ஜூனியர் பட்டம், 2010இல் வான்கூவர் ஒலிம்பிக் தங்கம். ஐஸ் டான்ஸில் வட அமெரிக்கா வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 2019இல் ஓய்வு. ஆரம்பம் முதல் கடைசி வரை துணை மாறவே இல்லை. இது எவ்வளவு அபூர்வம் என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கேள்வி (பெயர் இல்லை): நிஜத்தில் காதலர்களா?

இல்லை. இருவருமே வேறு ஆட்களைத் திருமணம் செய்துகொண்டார்கள்.

கேள்வி (ஸ்கார்பரோ): என் மகளுக்கு 12 வயது. பயிற்சியின்போது முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் இறுகி வலிக்கிறது என்கிறாள், உட்கார்ந்தால் போய்விடுகிறது. பூட்ஸ் பிரச்சினை என்கிறார்கள். சரிதானே?

பூட்ஸாகவும் இருக்கலாம். ஆனால் ஓய்வெடுத்தால் போகிறது என்று நீங்கள் சொன்னதால்தான் விரிவாக எழுதுகிறேன். டெஸ்ஸாவுக்கு வந்ததும் இந்த மாதிரி வலிதான். கீழ்க்காலில் தசைகள் தனித்தனி அறைகளில் இருக்கும், ஒவ்வொன்றையும் விறைப்பான உறை மூடியிருக்கும். வேலை செய்யும்போது தசை வீங்கும். உறை விரிந்து கொடுக்காவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடும். நாள்பட்ட கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்பார்கள். 2008 அக்டோபரில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அவர் இல்லாத அந்த நாட்களில் ஸ்காட் மணல் மூட்டையைத் துணையாக வைத்துப் பயிற்சி செய்தார். ஜனவரியில் திரும்பி வந்து கனடா பட்டத்தை வென்றார்கள். ஆனாலும் வலி முழுசாக விடவில்லை, 2010இல் மறுபடியும் அறுவை சிகிச்சை. ஒலிம்பிக் தங்கம் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்தது.

உங்கள் மகளுக்கு இதேதான் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது விளையாட்டு மருத்துவர். "வளரும் பிள்ளை, அப்படித்தான்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (கோவை): அவர்களுக்குள் காதல் உண்டா இல்லையா?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (டொராண்டோ): 2014 சோச்சி ஒலிம்பிக்கில் கனடாவின் தங்கத்தைத் திருடிவிட்டார்கள் என்பதுதான் உண்மை. ஒத்துக்கொள்கிறீர்களா?

ஒத்துக்கொள்ளவில்லை. அன்று தங்கம் அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் ஜோடிக்கு, 195.52. நம்மவர்களுக்கு 190.99. அப்போது போட்டி இரண்டு பகுதி: முதலில் ஷார்ட் டான்ஸ், பிறகு ஃப்ரீ டான்ஸ்; இரண்டின் புள்ளியையும் கூட்டுவார்கள். ஷார்ட் டான்ஸில் அந்த வருடம் எல்லாரும் ஆட வேண்டியது ஃபின்ஸ்டெப், குயிக்ஸ்டெப் என்ற வேகமான நடனத்தின் ஒரு வகை. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபின்லாந்தின் பெட்ரி கொக்கோவே, அமெரிக்கர்களின் தாளம் தவறியது, கனடா ஜோடிதான் முன்னால் இருக்க வேண்டும் என்று ட்விட்டரில் எழுதினார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன்.

அதே வாசகர்: அப்படியென்றால் திருட்டுத்தானே!

கணக்கைப் பாருங்கள். ஷார்ட் டான்ஸில் வித்தியாசம் 2.56. அதை முழுசாக அழித்துவிட்டாலும் ஃப்ரீ டான்ஸில் நம்மவர்கள் 1.97 பின்தங்கியிருந்தார்கள். அன்றைய ஃப்ரீ டான்ஸ் டேவிஸ், வைட்டுடையது. அந்த வேகத்தில் அப்படியொரு சுத்தம் சாதாரண விஷயம் இல்லை.

வேறொருவர்: இரண்டு ஜோடிக்கும் ஒரே பயிற்சியாளர், மரீனா ஸுயேவா. அதுதான் கோளாறு.

அவர் ஒரு பக்கம் சாய்ந்தார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, உங்களிடமும் இல்லை. இன்னொன்று. சோச்சிக்குப் பிறகு போட்டிகளிலிருந்து விலகியிருந்த வெர்ச்சூ, மோயர் 2016இல் திரும்பி வந்தபோது மான்ட்ரியலில் மரி-ஃப்ரான்ஸ் டுப்ரெய், பாட்ரிஸ் லோஸோன் என்ற பயிற்சியாளர்களிடம் சேர்ந்தார்கள். அப்போது உலக சாம்பியன்களாக இருந்த பிரான்ஸின் பாபடாகிஸ், சிஸரோன் பயிற்சி எடுத்ததும் அங்கேயே! தெரிந்தேதான் போனார்கள். எதிராளியைத் தினமும் பக்கத்தில் பார்த்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

அதன் பலன் 2018 பியோங்சாங் ஒலிம்பிக். ஃப்ரீ டான்ஸில் பிரான்ஸுக்கு 123.35, இவர்களுக்கு 122.40. ஆனால் ஷார்ட் டான்ஸ் முன்னிலை காப்பாற்றியது: மொத்தம் இவர்களுக்கு 206.07, பிரான்ஸுக்கு 205.28. வெறும் 0.79 புள்ளியில் தங்கம். முதல் நாள் ஷார்ட் டான்ஸில் பாபடாகிஸின் உடை கழன்று தொல்லை கொடுத்ததும் இதில் சேரும். அதைச் சொல்லாமல் கனடா வென்றது என்று மட்டும் எழுதினால் நியாயமில்லை. சோச்சிக்கு அழுகிறவர்கள் இதையும் நினைத்துப் பாருங்கள். இந்த விவாதம் இத்தோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (மார்க்கம்): மகளுக்கு ஆண் துணை கிடைக்கவில்லை. ஐஸ் டான்ஸை விட்டுவிடலாமா?

விட வேண்டாம். தனியாக ஆடும் சோலோ டான்ஸ் இருக்கிறது. 2022 டிசம்பரில் கனடாவின் ஸ்கேட்டிங் அமைப்பான ஸ்கேட் கனடா விதியை மாற்றியது. கனடாவுக்குள் நடக்கும் போட்டிகளில் இரண்டு பெண்களும் ஜோடி சேரலாம். சர்வதேசப் போட்டிக்கு அது பொருந்தாது. எப்படியானாலும் முதலில் எட்ஜ். துணை கிடைத்த மறுநாளே லிஃப்ட் வேண்டாம்.

கேள்வி (திருச்சி): காதலர்களா?

இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. மேலே இரண்டு முறை வந்துவிட்டது.

கேள்வி (சென்னை): பயிற்சிக்கு வருடத்துக்கு எவ்வளவு ஆகும்?

ஊருக்கு ஊர், நிலைக்கு நிலை மாறும். உங்கள் பகுதி கிளப்பில் கேளுங்கள். ஐஸ் நேரம், பயிற்சியாளர், பூட்ஸ், பிளேடு, உடை என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள், மொத்தத் தொகையாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி (ஸ்கார்பரோ, மறுபடி): நன்றி அக்கா. டாக்டரிடம் நேரம் எடுத்தாச்சு. அதுவரை வகுப்புக்கு அனுப்பலாமா?

வலி வரவைக்கிற எதுவும் வேண்டாம். வகுப்புக்குப் போனாலும் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஐஸில் இறங்கி எத்தனை நிமிடத்தில் வலி ஆரம்பித்தது, எங்கே, நிறுத்திய பிறகு எவ்வளவு நேரத்தில் விட்டது, பாதம் மரத்ததா என்று மகளிடமே கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அதையும் பூட்ஸையும் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.