ட்ரெட்மில்ல நிக்கிற விமானம் பறக்குமா? கேளுங்க, சொல்றேன்

ரெண்டு நாளா இந்த ஒரே புதிரை வெச்சு எல்லாரும் அடிச்சுக்கிறீங்க, அதனால ஒரே இடத்துல பதில் சொல்லிடலாம்னு உக்காந்துட்டேன். நான் விமான வீல், பிரேக் எல்லாம் கழட்டி மாட்டுற ஷாப்ல 11 வருஷம் வேலை பாத்தவ. பைலட் கிடையாது, பிசிக்ஸ் டீச்சரும் கிடையாது. ஆனா இந்தப் புதிர்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறது வீல்தான், அதை எனக்கு நல்லாவே தெரியும்.

புதிர் தெரியாதவங்களுக்கு: ரன்வே நீளத்துக்கு ஒரு ராட்சச ட்ரெட்மில், அது மேல ஒரு விமானம். விமானம் முன்னாடி எவ்வளவு வேகமா போகுதோ அதே வேகத்துல பெல்ட் பின்னாடி ஓடும். விமானம் டேக்ஆஃப் ஆகுமா ஆகாதா?

ஆகும். இப்ப கேளுங்க.

சரவணன்: அக்கா, நான் தினமும் ட்ரெட்மில்ல ஓடுறேன். டிஸ்ப்ளேல 8 கிலோமீட்டர் வேகம்னு காட்டும், ஆனா நின்ன இடத்தை விட்டு ஒரு அடி நகர மாட்டேன். எனக்கு ஒரு நியாயம் விமானத்துக்கு ஒரு நியாயமா?

ஆமா தம்பி, ரெண்டும் வேற வேற நியாயம்தான். நீங்க முன்னாடி போறதுக்கு எதை உதைக்கிறீங்க? காலுக்கு கீழ இருக்கற பெல்ட்டை. அந்த பெல்ட்டே பின்னாடி ஓடிட்டு இருந்தா நீங்க உதைச்சதெல்லாம் அதோட போயிடும். காரும் அப்படித்தான், இன்ஜின் வீலை சுத்துது, வீல் தரையை உதைக்குது. விமானம் உதைக்கிறது காத்தை. ப்ரொப்பல்லரோ ஜெட்டோ, காத்தைப் பின்னாடி தள்ளிட்டு தான் முன்னாடி போகுது. இன்ஜினுக்கும் வீலுக்கும் நடுவுல ஷாஃப்ட், கியர், செயின் எதுவுமே கிடையாது. நான் கழட்டின வீல்ல எல்லாம் உள்ள இருந்தது ரெண்டு பேரிங், கிரீஸ், மெயின் வீலா (இறக்கைப் பக்கம் எடையைத் தாங்குற வீல்) இருந்தா பிரேக், அவ்வளவுதான். ஜாக்ல தூக்கி நிறுத்தின விமானத்தோட நோஸ் வீலை, அதாவது மூக்குக்கு கீழ இருக்கற வீலை, கையால ஒரு தட்டு தட்டினா அது பாட்டுக்கு சுத்திட்டே இருக்கும், விமானத்துக்கு அது தெரியக்கூட தெரியாது.

அடுத்த தடவை ட்ரெட்மில்ல ஓடாம, ரோலர் ஸ்கேட் போட்டு ஏறி நிக்கிறதா நினைச்சுப் பாருங்க (நிஜமா பண்ணாதீங்க, பல்லு போயிடும்). எதிர்ல சுவத்துல ஒரு கயிறு கட்டியிருக்கு, அதோட நுனி உங்க கைல. பெல்ட் எவ்வளவு வேகமா ஓடினாலும் லேசா கயிறைப் பிடிச்சா போதும், நின்ன இடத்துலயே நிப்பீங்க. கொஞ்சம் பலமா இழுத்தா சுவத்தைப் பாத்து முன்னாடி போவீங்க. விமானத்துக்கு கயிறு கட்டின சுவர் எதுன்னா காத்துதான்.

பிரியா: ஆனா பெல்ட் கொஞ்சமாவது பின்னாடி இழுக்கும் இல்லையா? பேரிங்ல உராய்வு, டயர்ல உராய்வுன்னு இருக்கே. அதை சைபர்னு வெச்சுட்டு பதில் சொன்னா அது ஏமாத்து வேலை.

இதுதான் கேள்வி. இழுக்கும். எவ்வளவுன்னு பாப்போம். செஸ்னா 172 எஸ்னு ஒரு நாலு சீட்டு குட்டி விமானம், முழு லோடுல சுமார் 1150 கிலோ. கடல் மட்டத்துல, காத்தே இல்லாத நாள்ல அது 290 மீட்டர் ஓடி, சுமார் 55 நாட்ல, அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர் சொச்சத்துல எந்திரிக்கும். அந்த தூரத்துல அந்த வேகம் வரணும்னா எல்லா இழுவையும் போக மிச்சம் சராசரியா 160 கிலோ அளவுக்கு தள்ளு இருக்கணும், நீங்களே கணக்கு போட்டுப் பாக்கலாம். நல்ல தார் ரோட்டுல டயர் உருள்றதுக்கான இழுவை எடைல நூத்துல ஒன்றரை, ரெண்டு பங்கு, அதாவது 20 கிலோ சொச்சம். இதுல முக்கியமானது என்னன்னா வீல் ரெண்டு மடங்கு வேகமா சுத்தினா இந்த இழுவையும் ரெண்டு மடங்காகுறது இல்ல, கொஞ்சம்தான் ஏறும். சரி, உங்க பக்கமே நின்னு ரெண்டு மடங்காகுதுன்னே வெச்சுக்கறேன். 160ல இன்னொரு 20 போச்சு, 140 மிச்சம். 290 மீட்டர்ல எந்திரிச்சது 330 மீட்டர்ல எந்திரிக்கும். பெல்ட்டால முடிஞ்சது அந்த 40 மீட்டர்தான்.

நம்பிக்கை இல்லன்னா ஒரு பொம்மை காரோட மூக்குல ரப்பர் பேண்ட் கட்டி, ஒரு நீளமான பேப்பர் மேல வெச்சு, ரப்பர் பேண்டைப் பிடிச்சுட்டு பேப்பரை மட்டும் பின்னாடி உருவுங்க. மெதுவா உருவினாலும் வேகமா உருவினாலும் ரப்பர் பேண்ட் ஏறக்குறைய அதே அளவுதான் நீளும். நான் என் பொண்ணோட காரை வெச்சு பண்ணிப் பாத்தேன், மூணாவது தடவை பேப்பர் கிழிஞ்சு அவகிட்ட திட்டு வாங்கினது தான் மிச்சம்.

தேவா: தியரி எல்லாம் சரி மேடம். நிஜ உலகத்துல ஒரு உதாரணம் காட்டுங்க பாப்போம், தரை பின்னாடி ஓடியும் விமானம் நிக்காம போன மாதிரி.

தினமும் நடக்குது சார். லேண்டிங் பாத்திருப்பீங்க இல்ல, வீல் தரையைத் தொட்ட நொடியில ஒரு வெள்ளைப் புகை கிளம்பும். அது ஏன்? மேல இருந்து இறங்கும்போது வீல் சுத்தாம சும்மா தொங்கிட்டு வருது. விமானத்து மேல உக்காந்து பாத்தா ரன்வே மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்துல பின்னாடி ஓடுது. ஓடுற பெல்ட் மேல நிக்கிற வீலை வெச்ச கதைதான் இதுவும். என்ன ஆகுது? டயர் ஒரு இழுப்பு இழுபட்டு, ரப்பர் கொஞ்சம் கருகி, ஒரு நொடிக்குள்ள வீல் 250க்கு வந்துடுது. தரையோட பலமெல்லாம் வீலை சுத்த வைக்கத்தான் செலவாகுது, விமானத்தோட வேகம் அதுல குறையறது துளிதான். அப்படி குறையும்னா பிரேக்கே வேண்டாமே, நான் 11 வருஷம் பிரேக் டிஸ்க் மாத்தியிருக்கவே வேண்டாம்.

அதே மாதிரி டேக்ஆஃப் ஆனதும் வீல் சுத்திக்கிட்டே தான் மேல போகும். போயிங் 737 ஜெட்ல வீல் மாட்டியிருக்கற காலை (லேண்டிங் கியர்) உள்ள மடக்கும்போது மெயின் வீலுக்கு பிரேக் தானா பிடிக்கும். நோஸ் வீலுக்கு பிரேக் கிடையாது, அது உள்ள போய் ஒரு பட்டைல உரசி நிக்கும். வீல் யாரோ சுத்திவிட்டு சுத்துற சாமான், தானா எதையும் தள்ளாது.

கார்த்திக்: நீங்க புதிரை ஈஸியா மாத்திட்டீங்க. நான் படிச்சதுல "வீல் எவ்வளவு வேகமா சுத்துதோ அதே வேகத்துல பெல்ட் ஓடும்"னு இருந்துச்சு. அப்ப விமானம் நகரவே முடியாதே?

சண்டைல பாதி இதனாலதான், ரெண்டு பேர் ரெண்டு வேற புதிருக்கு பதில் சொல்லிட்டு கத்திட்டு இருக்கீங்க. வீல் வேகமும் பெல்ட் வேகமும் எப்பவும் ஒண்ணுன்னா அதுக்கு ஒரே அர்த்தம், விமானம் நகரலைன்னு. அது விமானம் நகராதுன்னு நிரூபிக்கிறது இல்ல, நகரக்கூடாதுன்னு கேள்விலயே எழுதி வெச்சுட்டு அப்புறம் நகருமான்னு கேக்கறது.

ஆனாலும் ஒரு வழி இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நேர்மை இல்ல. வீலுக்கு எடை இருக்கு. பெல்ட் ஒரே வேகத்துல ஓடாம வேகத்தை ஏத்திக்கிட்டே போனா, வீலை அதுக்கேத்த மாதிரி மேலும் மேலும் வேகமா சுத்த வைக்க ஒரு விசை வேணும், அந்த விசை விமானத்தைப் பின்னாடி இழுக்கும். இன்ஜின் தள்ளு 200 கிலோ, மூணு வீலும் சேந்து 20 கிலோ, தட்டு மாதிரி ஒரே சீரான வீல்னு வெச்சுக்கோங்க. விமானத்தை அசையாம பிடிச்சு வைக்க பெல்ட் ஒவ்வொரு நொடியும் மணிக்கு சுமார் 720 கிலோமீட்டர் கூடிக்கிட்டே போகணும். ரெண்டு நொடில 1440, சத்தத்தோட வேகமே 1225 தான். அஞ்சாவது நொடில 3600. அதுக்குள்ள டயர் எங்க இருக்கும்னு நினைக்கிறீங்க, நாலா பக்கமும் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. அந்த வேகத்துல ஓடுற பெல்ட் தன் மேல இருக்கற காத்தையும் சேத்து பின்னாடி இழுத்துட்டு வரும். விமானத்துக்கு அது எதிர்க்காத்து. நகரவிடாம பண்ண வந்த பெல்ட்டே காத்தைக் கொடுத்து தூக்கிவிட்டாலும் விடும்.

மீனா: ப்ரொப்பல்லர் காத்தை இறக்கை மேல தானே அடிக்குது, அப்ப விமானம் நகராமலே மேல எந்திரிக்காதா?

இல்லம்மா. இறக்கைல நடுவுல கொஞ்ச இடத்துல தான் அந்தக் காத்து படும், மொத்த விமானத்தையும் தூக்க அது போதாது. போதும்னா, கிளம்புறதுக்கு முன்னாடி பிரேக்கை அழுத்திப் பிடிச்சு இன்ஜினை டெஸ்ட் பண்ணுவாங்களே, அப்பவே எந்திரிச்சிருக்கணும்.

ஜான்சன்: டிவில இதை நிஜமாவே பண்ணிக் காட்டினாங்களாமே?

ஆமா, மித்பஸ்டர்ஸ்ல, 2008 ஜனவரில வந்துச்சு. ஒரு அல்ட்ராலைட் குட்டி விமானம், கீழ நீளமா விரிச்ச தார்ப்பாய், அதை ஒரு பிக்கப் வண்டி எதிர்ப்பக்கம் இழுத்துச்சு. விமானம் வழக்கம்போல எந்திரிச்சு போயிடுச்சு. வண்டி வேகமும் விமான வேகமும் துல்லியமா ஒண்ணா இல்லைன்னு அப்பவே குறை சொன்னாங்க, அது வாஸ்தவம்தான், ஆனா மேல பிரியாவுக்கு போட்ட கணக்கு படி கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா பதில் மாறாது.

அனிதா: அப்ப பெல்ட் வேலைக்கு ஆகாது, காத்து மட்டும் ஆகுமா? ரெண்டும் பின்னாடி தானே போகுது?

அதே தான். பெல்ட் தொடறது வீலை, காத்து தொடறது இறக்கையை. 1903 டிசம்பர் 17ல ரைட் சகோதரர்கள் பறந்தப்ப எதிர்க்காத்து மணிக்கு 43 கிலோமீட்டர் அளவுக்கு அடிச்சுட்டு இருந்துச்சு. முதல் தடவை 12 நொடில 120 அடி, அதாவது தரையைப் பொறுத்து மணிக்கு 11 கிலோமீட்டர் தான், ஓர்வில் மேல படுத்துட்டு ஓட்ட வில்பர் பக்கத்துலயே ஓடி வந்தாரு. ஆனா இறக்கைக்கு கிடைச்சது அந்த 43ம் இந்த 11ம் சேந்தது. அந்த விமானத்துல வீலே கிடையாது தெரியுமா, ஒரு தண்டவாளத்துல உருள்ற சின்ன வண்டி மேல உக்காந்து கிளம்புச்சு, வண்டி கீழயே தங்கிடுச்சு. வீலே இல்லாத விமானத்துகிட்ட போய் உன் வீல் என்ன வேகம்னு கேக்க முடியுமா?

விமானம் தாங்கி கப்பலும் அதுக்காகத்தான் விமானத்தை ஏவும்போது காத்து வர்ற பக்கம் திரும்பி வேகமா ஓடும். வின்ட் டன்னல்ல (காத்தை வேகமா ஓட விட்டு சோதனை பண்ற கூடம்) மாடல் அசையாம நின்னே தூக்கு விசை காட்டுறதும் இதே கதை, அங்க ஓடுறது காத்து.

ராஜேஷ்: பெல்ட் முன்னாடி ஓடினா?

பிரேக் பிடிச்சுட்டு நின்னா பெல்ட் உங்களைத் தூக்கிட்டு போகும், 100 வந்ததும் பிரேக்கை விட்டுட்டு பறக்கலாம். கப்பல்ல விமானத்தை வேகமா இழுத்து ஏவுற கேட்டபுல்ட் பண்றது கிட்டத்தட்ட அதுதான். பின்னாடி ஓடுற பெல்ட்ல பிரேக் பிடிச்சா மட்டும் நீங்க ஜெயிச்சீங்க, விமானம் பெல்ட்டோட பின்னாடி போயிடும். ஹெலிகாப்டரா இருந்தா என்ன ஆகும்னு கேட்டவருக்கும் சேத்து: அதுக்கு கீழ பெல்ட் ஓடினா என்ன, நின்னா என்ன.

சுதா: மிதவை வெச்ச விமானம் ஆத்துல, தண்ணி எதிர்த்து ஓடினா?

நல்லா யோசிச்சீங்க. அங்க பெல்ட்டுக்கு கொஞ்சம் பலம் வந்துடும், ஏன்னா தண்ணில இழுவை வேகத்தோட சேந்து நல்லாவே ஏறும், வீல் மாதிரி சமத்தா இருக்காது. எதிர் நீரோட்டத்துல ஓட்டம் நீளும். இருந்தாலும் எந்திரிக்கிறதை முடிவு பண்றது அங்கயும் காத்துதான்.

கார்த்திக்: சரிக்கா, ஒத்துக்கறேன். பெரிய ஜெட்டும் பிரச்சினையே இல்லாம போயிடுமா?

அப்படி நான் சொல்லலையே. ஏர்லைனர் டயர்ல வேக அளவு பொறிச்சே இருக்கும், நிறைய டயர்ல மணிக்கு 225 மைல், அதாவது 362 கிலோமீட்டர். ஜெட் 150 நாட்ல எந்திரிக்குதுன்னா 278 கிலோமீட்டர். பெல்ட்டும் 278ல பின்னாடி ஓடினா டயர் பாக்கற வேகம் 556. அந்த வேகத்தை டயர் தாங்கும்னு நான் கையெழுத்து போட மாட்டேன். உள்ள 200 பிஎஸ்ஐ கிட்ட நைட்ரஜன் அடைச்சு வெச்சிருக்கு, வெடிச்சா பக்கத்துல நிக்கக்கூடாது. அதனால உங்க பெல்ட் விமானத்தை நிறுத்தணும்னா டயரை வெடிக்க வெச்சு வேணா நிறுத்தலாம்.

தேவா: கடைசியா ஒண்ணு மேடம். இந்த மாதிரி பெல்ட் போட்டா ரன்வேயை சின்னதா கட்டிக்கலாம்ல?

முடியாது சார். 330 மீட்டர்னு சொன்னேனே, அது வெளில நிக்கிறவர் அளந்தா வர்ற நீளம். இன்னும் கூடத்தான் கட்டணும். அது போக ஒவ்வொரு டேக்ஆஃபுக்கும் வீல் ரெண்டு மடங்கு சுத்தியிருக்கும், பேரிங்கை சீக்கிரமே கழட்டி, கழுவி, கிரீஸ் போடணும்னு ஷாப்ல இருந்து யாராவது உங்களைத் தேடிட்டு வருவாங்க.