கேட்சரின் கைகள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஓஹையோவில் வசிக்கிறோம். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, பள்ளி அணியில் கேட்சர், அதாவது மட்டையடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பேஸ்பால் ஆட்டக்காரர்கள் பத்துப் பேரை இருவருமாகப் பட்டியலிட்டோம். நான் சிகாகோ அணியின் மட்டையடிக்காரர் கேப் ஆன்சனை முதலிடத்தில் வைத்தேன். அவன் பந்தெறிபவர் ராட்போர்ன்தான் என்கிறான். அக்கால நிறவேற்றுமைக்குள் போகாமல், ஆட்டத்தை மட்டும் வைத்து நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ராட்போர்ன் 1884இல் பிராவிடன்ஸ் அணிக்காக 678 இன்னிங்ஸ் பந்தெறிந்தவர். அந்த ஆண்டு அவர் வென்றவை 59 ஆட்டங்களா 60ஆ என்று இன்னும் வாதாடுகிறார்கள். அன்று பந்தெறியும் கட்டத்தின் முன்கோடு மட்டையடிப்பவர் நிற்கும் தளத்திலிருந்து 50 அடியில் இருந்தது, 1893இல்தான் தூரம் 60 அடி 6 அங்குலம் ஆயிற்று. அன்றைய கணக்குகளை ஒப்பிடுவது எளிதல்ல, ஆகவே யார் முதல், யார் இரண்டாவது என்பதை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே விட்டுவிடுகிறேன்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது ‘ஆட்டத்தை மட்டும்’ என்ற உங்கள் சொல்லுக்காக. சில ஆண்டுகளுக்கு முன், பேஸ்பால் புகழ்க்கூடம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் ஆன்சனின் வெண்கலப் பட்டயத்தின் முன் நின்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகச்சிறந்த பேட்டர் என்றே அதில் பொறித்திருக்கிறார்கள். 27 பருவங்கள் ஆடியவர், திறமையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பட்டயத்தைப் படித்து முடித்தபோது என் நினைவுக்கு வந்தது இன்னொருவரின் கைகள்.

மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் உங்கள் மாநிலத்து மவுண்ட் பிளசன்டில் 1856இல் பிறந்தவர், உங்கள் மகனைப் போலக் கேட்சர். பஞ்சு வைத்த தடித்த கையுறை பரவாத காலம் அது. வெறுங்கையோடு அல்லது மெல்லிய தோலுறையோடு பந்தைப் பிடிக்க வேண்டும். 1883 ஆகஸ்ட் 10 அன்று ஆன்சனின் சிகாகோ அணி, வாக்கர் ஆடிய டொலீடோ அணியுடன் ஆட வந்தது. கை புண்ணாகியிருந்த வாக்கருக்கு அன்று ஓய்வு கொடுக்க முடிவாகியிருந்தது. கறுப்பர் இருந்தால் ஆடமாட்டேன் என்று ஆன்சன் அடம்பிடித்ததும், டொலீடோ மேலாளர் சார்லி மார்ட்டன் ஓய்விலிருந்த வாக்கரையே ரைட் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வலப்புற வெளிக்களத்தில், இறக்கினார். ஆடாவிட்டால் வசூலில் பங்கில்லை என்று சொன்ன பிறகுதான் ஆன்சன் பணிந்தார்.

அடுத்த ஆண்டு டொலீடோ பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் அசோசியேஷனில் ஆடியது. அந்த அணியின் பந்தெறிபவர் டோனி மலேன், தாம் சேர்ந்து ஆடிய கேட்சர்களிலேயே வாக்கர்தான் சிறந்தவர் என்றும், கறுப்பர் என்பதால் பிடிக்காமல் எந்தப் பந்தை எறிய வேண்டும் என்று அவர் காட்டிய சைகைகளைப் பாராமல் மனம்போனபடி எறிந்ததாகவும் பல ஆண்டுகள் கழித்துத் தாமே ஒப்புக்கொண்டார். நண்பரே, இதை உங்கள் மகனிடம் விளக்கச் சொல்லுங்கள், அவனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். நேராக வருமா வளையுமா என்று அறியாமல் அந்தப் பந்துகளை வாக்கர் புண்பட்ட கைகளால் பிடித்தார். அந்தப் பருவத்தில் 42 ஆட்டங்கள் ஆடினார், விலா எலும்பும் முறிந்தது. சகவீரனின் வெறுப்பு பந்தின் திசையிலேயே இருக்கும்போது ‘ஆட்டத்தை மட்டும்’ நீங்கள் எங்கிருந்து பிரித்தெடுப்பீர்கள்?

ஆன்சனின் கணக்கையும் அப்படிப் பிரிக்க முடியாது. 1887இல் நெவார்க் அணிக்காக 30க்கும் மேற்பட்ட ஆட்டங்களை வென்ற ஜார்ஜ் ஸ்டோவி என்ற கறுப்பினப் பந்தெறிபவர் இறங்கினால் ஆடமாட்டேன் என்று ஆன்சன் மறுத்தது ஜூலை 14 அன்று. அதே நாளில், நெவார்க் ஆடிய இன்டர்நேஷனல் லீக்கின் அணி உரிமையாளர்கள், இனிக் கறுப்பின ஆட்டக்காரர்களை ஒப்பந்தம் செய்வதில்லை என்று 6க்கு 4 என வாக்களித்தார்கள். ஆன்சன் ஒருவர் மட்டும் போட்ட வேலியல்ல அது. உரிமையாளர்களும் உடன் ஆடியவர்களும் சேர்ந்தே போட்டார்கள். ஆனாலும் தன்னை வீழ்த்தக்கூடிய ஒருவனை எதிர்கொள்ள மறுத்தவரை எல்லோரையும் வென்றவராக எண்ணுவது கணக்காகவே தவறு. இதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடமிருந்து மறைக்க நினைத்தீர்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

வாக்கர் 1924இல் இறந்தார். ஸ்டூபன்வில் நகரத்தில் அடக்கம் செய்தார்கள். ஆன்சனின் பட்டயம் 1939இல் கூப்பர்ஸ்டவுனுக்கு வந்தது. வாக்கரின் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் 1990இல்தான் வந்தது. உங்கள் மாநிலம்தான், காரில் போய்விடலாம். மகனையும் அவனுடைய கையுறையையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் போய் வாருங்கள்.

அன்புடன்.