மேல வீதி வீட்டைக் காப்பாற்ற அடகுக்குப் போன நகை

கேள்வி: ஐயா, தஞ்சாவூர் மேல வீதியில் எங்கள் தாத்தா காலத்து வீடு இருக்கிறது. 24 அடி அகலம், 120 அடி நீளம். தாத்தா நாட்டிய ஆசிரியர். வெளியூரிலிருந்து வந்த மாணவிகள் எங்கள் கூடத்தில் தங்கி அடவு கற்றுக்கொண்டார்கள். அவர் தாளம் தட்டிய தட்டுக்கழியும் ஜதி எழுதிய நோட்டுகளும் இன்னும் மாடப் பெட்டியில் உள்ளன. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார், அம்மாவும் இல்லை. அண்ணன், நான், தம்பி என்று மூன்று பேர். 1.5 கோடிக்கு ஒருவர் கேட்கிறார். அண்ணன் விற்கலாம் என்கிறார். தம்பி அதற்குச் சம்மதித்துவிடக் கூடாது என்று, அவன் கேட்கும்போதெல்லாம் 'பாகத்தில் கழித்துக்கொள்கிறேன்' என்று சொல்லி நகையை வைத்துப் பணம் கொடுத்து வந்தேன். 6 வருடத்தில் 11 லட்சம் ஆகிவிட்டது. இப்போது இன்னும் 5 லட்சம் கேட்கிறான். எனக்கு வயது 53, ஆசிரியை, கையில் 72,000 வருகிறது. சேமிப்பில் 25 லட்சம் எடுத்து, 75 லட்சம் கடன் வாங்கி, இருவர் பங்கையும் நானே வாங்கிக்கொள்ளலாமா? ஹெரிடேஜ் ஹோம்ஸ்டே வைத்தால் மாதம் 1 லட்சம் வரும் என்கிறார் ஒரு நண்பர். இப்போது அந்த வீட்டில்தான் குடியிருக்கிறோம். கணவர் கட்டிய சிறிய வீடு மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் வாடகைக்கு விட்டிருக்கிறோம்.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மேல வீதி எப்படிப்பட்ட வீதி என்று எனக்குத் தெரியும். பங்காரு காமாட்சியம்மன் கோயிலும், இசை மேதை சியாமா சாஸ்திரி வாழ்ந்த இடமும் அங்கேதான். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்த பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் வீடும் அதே வீதியில்தான். அந்த வரிசையில் ஒரு கூடத்தை இழப்பது சின்ன விஷயம் இல்லை. ஆகவே 'பழைய வீடுதானே, விற்றுத் தள்ளுங்கள்' என்று சொல்லப் போவதில்லை.

ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியை விட, போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. தம்பிக்குக் கொடுத்த 11 லட்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வீடு நாளை 1.5 கோடிக்குப் போனால் ஆளுக்கு 50 லட்சம். எழுத்து எதுவும் இல்லாததால் தம்பிக்கும் முழு 50 லட்சம் போகும். ஏற்கெனவே வாங்கிய 11 லட்சத்தைச் சேர்த்தால் அவருக்குக் கிடைத்தது 61, அண்ணனுக்கு 50, உங்களுக்கு 39. நகைக் கடனுக்கு இதுவரை கட்டிய வட்டியை உத்தேசமாக 3 லட்சம் என்று வைத்தால் உங்கள் கையில் நிற்பது 36 லட்சம்தான். வீட்டைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, உங்கள் பாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தம்பியிடம் கொடுத்திருக்கிறீர்கள். வீடும் காப்பாற்றப்படவில்லை. அவருக்கு அடுத்த முறை பணம் தேவைப்படும்போது அண்ணன் பக்கம் சாய்ந்தால் நீங்கள் தனியாக நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. கைமாற்றாகக் கொடுத்த பணத்தை 3 ஆண்டுக்குள் கேட்டு வழக்குப் போடாவிட்டால் பொதுவாக நீதிமன்றத்தில் அந்த உரிமை போய்விடும். நீங்கள் முதல் சில வருடங்களில் கொடுத்தது எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆனால் ஒரு வழி உண்டு. காலம் கடந்த கடனாக இருந்தாலும், 'இவ்வளவு பாக்கி, இதைத் தருகிறேன்' என்று கடன் வாங்கியவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த வாக்குறுதி செல்லும். தம்பி இன்னும் உங்களோடு முகம் கொடுத்துப் பேசுகிறார், 5 லட்சம் வேண்டும் என்பதால் பேசியே தீர வேண்டிய நிலையிலும் இருக்கிறார். கையெழுத்து வாங்குவதற்கு இதை விட நல்ல நேரம் வராது. தேதி வாரியாக எவ்வளவு கொடுத்தீர்கள் என்று உங்கள் வங்கிக் கணக்கையும் நகைக் கடன் ரசீதுகளையும் வைத்து ஒரு தாள் தயார் செய்யுங்கள். அண்ணன் சாட்சியாக இருக்கட்டும். வாசகத்தை மட்டும் ஒரு வழக்கறிஞர் எழுதட்டும்.

அந்த 5 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். இப்போது நகைக் கடன் 7.5 லட்சம் நிலுவை இருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்பதரை சதவீத வட்டியில் வருடத்துக்கு 71,000. அதாவது ஒரு மாதச் சம்பளம் முழுசாக வட்டிக்கே போகிறது. இன்னும் 5 லட்சம் சேர்த்தால் 1.19 லட்சம். தம்பிக்கு உண்மையிலேயே அவசரம் என்றால், அந்த 5 லட்சத்துக்கும் பழைய 11 லட்சத்துக்கும் ஈடாகத் தன் பாகத்தில் ஒரு பகுதியை உங்களுக்கு விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தரட்டும். உடன்பிறந்தவர்களுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. வெளியாள் வாங்கினால் இரண்டும் சேர்த்து 9 சதவீதம் ஆகும். அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. பதிவுக்கு வர மறுத்தால் அவர் மனதில் இருப்பது என்ன என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

சரி, 75 லட்சம் கடனுக்கு வருவோம். உங்களுக்கு ஓய்வுக்கு 7 வருடம் இருக்கிறது. 10 சதவீத வட்டியில் 7 வருடத்துக்கு லட்சத்துக்கு மாதம் 1,660 ரூபாய் தவணை. 75 லட்சத்துக்கு 1,24,500. உங்கள் சம்பளம் 72,000. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. வங்கி 15 வருடத் தவணை கொடுத்தாலும் மாதம் 80,000 தாண்டும், ஓய்வுக்குப் பிறகு 8 வருடம் கட்ட வேண்டியிருக்கும். சேமிப்பின் 25 லட்சமும் அதற்குள் போயிருக்கும். அப்புறம், கூடத்தில் யார் ஆடினார்கள் என்பதற்கு எந்த வங்கியும் மதிப்புப் போடாது. மனைக்கு ஒரு விலை, பழைய சுவருக்கும் ஓட்டுக்கும் தேய்மானம் கழித்து ஒரு விலை, அவ்வளவுதான்.

ஹோம்ஸ்டே பேச்சு இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. திண்ணையும் முற்றமும் உள்ள வீடு வைத்திருக்கும் எல்லோரிடமும் யாராவது ஒருவர் இதைச் சொல்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 அறை, இரவுக்கு 2,500, மாதத்தில் 12 நாள் நிரம்பினால் 1.2 லட்சம். முன்பதிவுத் தளத்தின் கமிஷன், இரண்டு ஆள் சம்பளம், துணி வெளுப்பு, மின்சாரம், காலைச் சாப்பாடு எல்லாம் போகப் பாதி நின்றால் நல்லது. அதுவும் மார்கழியிலும், தையில் திருவையாற்று ஆராதனை சமயத்திலும் ஆள் வரும். சித்திரை வெயிலில் யார் வருவார்? இதற்கு முன்னால் கழிப்பறை, வடிகால், மின் இணைப்பு என்று 25 லட்சமாவது போட வேண்டும். உங்கள் நண்பர் சொன்ன 1 லட்சம் வரவு சரியாகவே இருந்தாலும் அது 7 வருடத் தவணையான 1,24,500-ஐத் தொடாது. கடனே இல்லாத ஒரு வீட்டில், அதைப் பார்த்துக்கொள்ள இளவயது ஆள் ஒருவர் இருந்தால் ஹோம்ஸ்டே நல்ல தொழில்தான். உங்கள் நிலைமை அது இல்லை.

ஆக, என் கருத்து விற்பதுதான். எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இந்த வீட்டை உங்கள் வருமானம் தாங்காது. திருவையாற்றில் தியாகராஜர் இருந்த வீடும் அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிந்ததுதான் என்பார்கள். பாகம் என்று வந்துவிட்டால் எந்த வீடும் தப்பாது.

யாருக்கு விற்பது என்பதில் உங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. வீட்டை இடிக்காமல் வைத்துக்கொள்ளும் ஒருவர், நாட்டியப் பள்ளி நடத்துபவராகக் கூட இருக்கலாம், 1.35 கோடிக்கு வந்தால் உங்கள் பங்கில் குறைவது 5 லட்சம். அந்த 5 லட்சத்தை மனமறிந்து விடலாம் என்றால் விடுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அண்ணன் தம்பியின் 10 லட்சத்தையும் நானே ஈடு செய்கிறேன் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். பழைய பழக்கம் வேறு வழியில் திரும்பி வந்துவிடும். கூடவே ஒன்று: முழுக் கிரயமாக விற்றுவிட்டு, 'வாங்குபவர் இடிக்கக் கூடாது' என்று பத்திரத்தில் எழுதினாலும் அந்த நிபந்தனை பொதுவாகச் சட்டப்படி நிற்காது. அவர் வாயால் சொல்வதை நம்பாமல், ஏற்கெனவே ஒரு பழைய வீட்டை வாங்கி எப்படி வைத்திருக்கிறார் என்று நேரில் போய்ப் பாருங்கள்.

வரி பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம். நிலமும் கட்டடமும் என்பதால் அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அது 12 லட்சம் என்று வைப்போம். 1.5 கோடிக்குப் போனால் லாபம் 138 லட்சம், உங்கள் பங்குக்கு 46. பணவீக்கச் சரிக்கட்டல், அதாவது விலைவாசிக்கு ஏற்ப அடக்க விலையை உயர்த்திக் காட்டுவது, இல்லாமல் 12.5 சதவீதம் போட்டால் 5.75 லட்சம், மேல்வரிகளோடு 6 லட்சத்துக்கு மேல் என்று வையுங்கள். சரிக்கட்டல் செய்து 20 சதவீதம் கட்டும் வழி உங்கள் விஷயத்தில் அதிகமாகத்தான் வருகிறது. அந்த 46 லட்சத்தை 6 மாதத்துக்குள் மூலதன ஆதாய வரி விலக்குப் பத்திரங்களில் போட்டால் வரி இல்லை. வட்டி 5.25 சதவீதம்தான், 5 வருடம் எடுக்க முடியாது, அடகும் வைக்கக் கூடாது. வட்டி குறைவு என்று பலரும் இதை ஒதுக்குவார்கள். வங்கி வைப்பில் ஏழு சதவீதம் கிடைக்கும் என்று வைத்து வித்தியாசத்தைப் பார்த்தால் 5 வருடத்தில் 4 லட்சம் இழப்பு, வரியில் மிச்சம் 6 லட்சத்துக்கு மேல். எனக்கு இதில் பிடித்தது அந்த 5 வருடப் பூட்டுதான். யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்க முடியாது. கையில் பணம் வந்த வாரமே வங்கியிலிருந்து காப்பீட்டோடு கட்டிய முதலீட்டுத் திட்டம் ஒன்றை நீட்டுவார்கள், அதற்கும் தலையாட்ட வேண்டாம்.

தம்பி தர வேண்டிய 11 லட்சத்தைக் கிரயப் பத்திரத்தில் கலக்காதீர்கள். மூவருக்கும் சமமாகவே தொகை வரட்டும், அவர் அன்றே வங்கி வழியாக உங்களுக்கு அனுப்பட்டும். அது கடன் திரும்பியது, விற்ற லாபம் இல்லை. வந்ததும் முதலில் நகையை மீட்டுவிடுங்கள். கூரை ஓடு மாற்றிய செலவு, வீட்டு வரி இதையெல்லாம் கேட்க நினைத்தால், இத்தனை வருடம் வாடகை இல்லாமல் இருந்ததை அவர்கள் எடுப்பார்கள். அதை விட்டுவிடுங்கள். வாங்குபவர் கொஞ்சம் ரொக்கமாகத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விற்பனை ஒப்பந்தத்தில் ஊஞ்சல், மாடப் பெட்டி, தட்டுக்கழி எதுவும் சேராது என்று தனியாக எழுத வையுங்கள். தூணையும் கதவையும் தனியாக வாங்கிப் போக ஆள் வருவார்கள், வீடு கைமாறும் முன் அவர்களை உள்ளே விடாதீர்கள். ஜதி நோட்டுகளை இந்த மாதமே படம் எடுத்து மூன்று பேரிடமும் ஒரு பிரதி இருக்கச் செய்யுங்கள். 75 வருடத்துக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகள் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சரஸ்வதி மகால் நூலகம் உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்தான். அங்கே ஒருமுறை காட்டிப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா, மனை உங்களுடையதா அல்லது கோயிலுக்குச் சொந்தமான அடிமனையா என்று பாருங்கள். பழைய கோயில் வீதிகளில் கட்டடம் மட்டும் குடும்பத்துக்கு, மனை கோயிலுக்கு என்று இருப்பது உண்டு. அப்படி இருந்தால் 1.5 கோடி என்ற விலையே மாறிவிடும். மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் கைக்கு வந்ததும், யாரிடமும் முன்பணம் வாங்குவதற்கு முன், எனக்கு மறுபடி எழுதுங்கள்.