பத்து நாள் விற்பனையை மூன்றால் பெருக்கலாமா?

கேள்வி: வீட்டில் இட்லி மாவு அரைத்து, ஒரு கிலோ பாக்கெட்டாக விற்கிறேன். வெள்ளிக்கிழமை பிறந்த இந்த மாதத்தில் முதல் 10 நாளில் 320 பாக்கெட் போயிற்று. சனி, ஞாயிறில் நாளுக்கு 50, மற்ற நாட்களில் 20. 30 நாளுக்கு 960 என்று கணக்கிட்டு அரிசியும் உளுந்தும் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அப்படி வாங்கினால் 90 கிலோ மாவுக்கான சரக்கு மிஞ்சிவிடும். நேர் விகிதக் கணக்கில் பிழை இல்லை. எல்லா நாளும் ஒரே நாள் என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை. மாதம் வெள்ளியன்று பிறந்ததால், முதல் 10 நாளிலேயே சனியும் ஞாயிறுமாக நான்கு நாட்கள் வந்துவிட்டன. மாதம் முழுவதற்கும் அவை ஒன்பதுதான். ஆகவே இரண்டையும் தனித்தனியே பெருக்குங்கள்: 9 × 50 = 450, 21 × 20 = 420. மொத்தம் 870.

இதில் அமாவாசையைச் சேர்க்கவில்லை. அன்றிரவு பலகாரம் சாப்பிடும் குடும்பங்கள் உங்கள் தெருவில் எத்தனை என்பது உங்களுக்குத்தான் தெரியும். சென்ற மாத நோட்டில் அந்த ஒரு நாளைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்றை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஞாயிறு மாலை ஆறு மணிக்கே 50 பாக்கெட்டும் தீர்ந்துவிடுகிறதா? அப்படியானால் 50 என்பது நீங்கள் அரைத்த அளவு. வாடிக்கையாளர் கேட்ட அளவு அதைவிடக் கூடுதல். வெறுங்கையோடு திரும்பியவர்களையும் எண்ணி எழுதுங்கள். அந்த எண் இல்லாமல் எந்தக் கணக்கும் உண்மையைச் சொல்லாது.

சரக்குக்கு வருவோம். நாலுக்கு ஒன்று என்று நீங்கள் போடுவதாக வைத்துக்கொள்கிறேன். 4 கிலோ அரிசியும் 1 கிலோ உளுந்தும் 12 கிலோ மாவு கண்டால், 870 கிலோவுக்கு 290 கிலோ அரிசி, 72.5 கிலோ உளுந்து. ஆனால் உளுந்துக்கு உளுந்து மாவு காண்பது மாறும். புது மூட்டை பிரித்ததும் ஒருமுறை அரைத்து எடை போட்டுவிடுங்கள். மாதம் முழுவதற்கும் ஒரே நாளில் வாங்காதீர்கள்.

11 முதல் 20ஆம் தேதி வரை 260 பாக்கெட் போக வேண்டும். 234தான் போனால் பத்தில் ஒரு பங்கு குறைவு. மீதி நாட்களுக்கு வைத்திருந்த 290 பாக்கெட்டையும் அதே விகிதத்தில் 261 ஆக்கி, அதற்கு மட்டும் சரக்கு எடுங்கள்.