நீச்சல் வீராங்கனைக்கு எஸ்ஏடி எதற்கு?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் 11ஆம் வகுப்பு, கிளப்பில் பட்டர்ஃப்ளை நீந்துகிறாள். சில கல்லூரிப் பயிற்சியாளர்கள் மெயில் போட ஆரம்பித்திருக்கிறார்கள். அக்டோபரில் எஸ்ஏடி (கல்லூரி அட்மிஷனுக்கான தேர்வு) எழுதி 1210 வாங்கினாள். திரும்பவும் படிக்கச் சொன்னால் நீச்சல் கெட்டுப்போகும் என்கிறாள். நாங்கள் பேசிய ரிக்ரூட்டிங் ஏஜென்ட், "கல்லூரி விளையாட்டுக்கு விதி போடுகிற என்சிஏஏவே எஸ்ஏடியை எடுத்துவிட்டது, விடுங்கள்" என்கிறார். விட்டுவிடலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி)

விட வேண்டாம். இன்னும் ஒரே ஒரு தடவை எழுதட்டும்.

ஏஜென்ட் சொன்னது பொய் இல்லை, பாதி உண்மை. டிவிஷன் 1, டிவிஷன் 2 என்கிற மேல்மட்டக் கல்லூரி அணிகளில் விளையாடும் தகுதிக்கு எஸ்ஏடியோ, அதே மாதிரி இன்னொரு தேர்வான ஏசிடியோ தேவையில்லை என்று 2023 ஜனவரியில் என்சிஏஏ முடிவு செய்தது. ஆனால் என்சிஏஏ தருவது விளையாட அனுமதி மட்டும்தான். கல்லூரியில் இடம் தருவது அட்மிஷன் ஆபீஸ். அங்கே ஊருக்கு ஒரு சட்டம். ஹார்வர்ட், டார்ட்மவுத், பிரவுன் மூன்றும் கோவிட் காலத்தில் தளர்த்திய விதியை 2024-ல் திரும்பக் கட்டாயமாக்கின. எம்ஐடி அதற்கும் இரண்டு வருடம் முன்பே. கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களோ மதிப்பெண்ணை அனுப்பினாலும் பார்ப்பதில்லை. பெர்க்லியும் யுசிஎல்ஏவும் மட்டும்தான் உங்கள் பட்டியல் என்றால் இந்தப் பதிலை இங்கேயே மூடிவிடலாம்.

மற்ற பெரும்பாலான இடங்களில் 'ஆப்ஷனல்' என்று போட்டிருக்கும். இந்த ஒரு வார்த்தையால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கல்யாணப் பத்திரிகையில் 'அன்பளிப்பு தவிர்க்கவும்' என்று அச்சடித்தால் நாம் வெறும் கையோடா போகிறோம்? ஏறக்குறைய அதே கதைதான். பதினாறு வயசுப் பிள்ளை இதற்கெல்லாம் உள்ளர்த்தம் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். கல்லூரிகள் வேண்டும், வேண்டாம் என்று இரண்டில் ஒன்றைச் சொல்லித் தொலைக்கலாம்.

ஹார்வர்ட், யேல் மாதிரிப் பழைய பல்கலைக்கழகங்களின் கூட்டமான ஐவி லீக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், நம்மவர்கள் வீட்டில் அந்தப் பேச்சு வராமல் இருக்காது. அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. பயிற்சியாளரால் முடிந்தது அட்மிஷனில் கை கொடுப்பது மட்டுமே. அதற்கும் 'அகடமிக் இண்டெக்ஸ்' என்று ஒரு கணக்கு உண்டு: பள்ளி மதிப்பெண்ணையும் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்து ஒவ்வொரு வீரருக்கும் ஒரு எண். வீரர்களின் சராசரி எண், மற்ற மாணவர்களின் சராசரியிலிருந்து ரொம்பக் கீழே இறங்கக் கூடாது. அதாவது உங்கள் மகளின் எண் உயர்ந்தால், அவளைவிட வேகமான, படிப்பில் சற்றுப் பின்தங்கிய இன்னொரு பெண்ணையும் எடுக்கப் பயிற்சியாளருக்கு இடம் கிடைக்கும். அவர் எஸ்ஏடி எவ்வளவு என்று துளைப்பதன் ரகசியம் இதுதான். யேலில் எஸ்ஏடிக்குப் பதில் ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரப் பாடத் தேர்வு) மதிப்பெண்களைக் கொடுக்கலாம். கொலம்பியா 2023-லேயே கட்டாயமில்லை என்று அறிவித்தது. ஆனாலும் நீந்த வருகிற பெண்ணிடம் பயிற்சியாளர் மதிப்பெண் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். 11ஆம் வகுப்பு முடிந்து ஜூலை 1 முதல் அவர்கள் மாணவியின் ஃபைலை அட்மிஷன் ஆபீசில் காட்டி அபிப்பிராயம் கேட்கலாம், 'ப்ரீ-ரீட்' என்பார்கள். நல்ல மதிப்பெண் அதற்குள் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே மே அல்லது ஜூன் தேர்வு. மார்ச்சில் வேண்டாம், கிளப் போட்டிகள் உச்சத்தில் இருக்கும். ஏசிடியா எஸ்ஏடியா என்று மண்டையை உடைக்காதீர்கள். வீட்டில் இரண்டிலும் ஒரு மாதிரித் தேர்வு எழுதட்டும், எது சரியாக வருகிறதோ அது. பதிவு செய்யும்போது நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக மதிப்பெண் அனுப்பலாம் என்று ஆசை காட்டும். தொடாதீர்கள். எவ்வளவு வந்தது என்று பார்க்காமல் எதையும் அனுப்பக் கூடாது.

பணத்துக்கும் இது உதவும். டிவிஷன் 1 பெண்கள் நீச்சலில் பல வருடங்களாக அணிக்கு 14 ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பாக இருந்தது. அதைத்தான் இருபது, முப்பது பேருக்குப் பங்கு போட்டார்கள். என்சிஏஏ மீதான வழக்கில் வந்த 2025 கோர்ட் உடன்பாட்டுக்குப் பிறகு கணக்கு மாறியிருக்கிறது. ஆனாலும் முழு ஸ்காலர்ஷிப் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். படிப்புக்கான உதவித்தொகைதான் பல வீடுகளுக்குக் கை கொடுக்கிறது. அலபாமா பல்கலைக்கழகம் எந்த மதிப்பெண்ணுக்கு எவ்வளவு பணம் என்று அட்டவணையே போட்டிருக்கிறது.

இப்போது அந்த ஏஜென்ட். கட்டணம் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. "ஸ்காலர்ஷிப்பில் பத்து சதவீதம்" என்கிற மாதிரி ஏதாவது சொன்னாரா? அப்படியென்றால் இன்றே நிறுத்துங்கள். பிள்ளையின் விவரங்களைக் கல்லூரிகளுக்கு அனுப்ப ஒரு நிலையான கட்டணம் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் இடமோ உதவித்தொகையோ கிடைத்தால் இவ்வளவு என்று பேசினால், என்சிஏஏ கணக்கில் மாட்டிக்கொள்வது அவர் இல்லை, உங்கள் மகள். என்னிடம் வந்த ஒரு குடும்பம் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒப்பந்தத்தைக் காட்டியது. அதிலிருந்து வெளியே வரவே ஒரு வருடம் ஓடிவிட்டது. "கோச்சை எனக்குத் தெரியும்" என்பவர்களிடம் இன்னும் ஜாக்கிரதை. 2019-ல் பிடிபட்ட கல்லூரி அட்மிஷன் ஆலோசகர் ரிக் சிங்கர் அப்படித்தான் பிள்ளைகளைப் போலி விளையாட்டு வீரர்களாகக் காட்டி, எஸ்ஏடியையும் வேறு ஆளை வைத்துத் திருத்தினார். 2023 ஜனவரியில் மூன்றரை வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது.

எஸ்ஏடியைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. டிவிஷன் 1-க்கு உயர்நிலைப் பள்ளியில் 16 கோர் பாடங்கள் (என்சிஏஏ ஏற்கும் முக்கியப் பாடங்கள்) வேண்டும், அவற்றில் ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், 2.3. அந்தப் பதினாறில் பத்து, 12ஆம் வகுப்பு தொடங்குவதற்குள் முடிந்திருக்க வேண்டும். அதில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியல். பிறகு திரும்பப் படித்து இந்தப் பத்தின் மதிப்பெண்ணை உயர்த்த முடியாது. இதில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. பள்ளி கவுன்சிலரிடம் இந்த வாரமே பட்டியலைச் சரிபாருங்கள்.

அப்புறம், மகளையே ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதாதீர்கள், அம்மாவின் மெயில் அவர்களுக்குப் பிடிக்காது. "என் எஸ்ஏடி 1210. உங்கள் கல்லூரியில் ப்ரீ-ரீடுக்கு மதிப்பெண் வேண்டுமா, எவ்வளவு இருந்தால் உதவும்?" அவ்வளவுதான். எண் சொன்னால் அதை இலக்காக வைத்துப் படிக்கட்டும். "உன் விருப்பம்" என்று பதில் வந்தால், மே தேர்வுக்குப் பதிவு செய்துவிடுங்கள்.