பாஸ் மீனுக்கு ரப்பர் புழுவை எப்படிக் கோர்ப்பது? கடி விழுகிறது, ஆனால் மீன் முள்ளில் ஏறவில்லையே?

கேட்டவருக்கு இரண்டு தொல்லைகள். லார்ஜ்மௌத் பாஸ் என்னும் பெரிய வாய் கொண்ட நன்னீர் மீன் இருக்கும் பாசிக்குள் பிளாஸ்டிக் புழுவைப் போட்டால் முள் செடியில் மாட்டிக்கொள்கிறது. கடி தெரிந்து ராடை, அதாவது தூண்டில் கோலைச் சுண்டினால் வெறும் புழு மட்டும் திரும்பி வருகிறது. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும்: புழு முள்ளில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, அதன் முன்னால் எவ்வளவு எடை இருக்கிறது. நிறம், வாசனை, எந்த கம்பெனிப் புழு என்பதெல்லாம் அப்புறம்.

மீன் என்ன செய்கிறது என்று தெரிந்தால் மற்றது தானாகப் புரியும். பாஸ் வாயைச் சட்டென்று அகலத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் அதே வேகத்தில் துப்பியும் விடும். வாய்க்குள் நெகிழ்கிற மென்மையான பிளாஸ்டிக்கை, கட்டையான மரத்தாலான செயற்கை இரையைவிடச் சற்று அதிக நேரம் வைத்திருக்கும். நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு அந்தச் சிறிது நேரம்தான். அதோடு, புழுவுக்குக் கடி பெரும்பாலும் அது இறங்கிக்கொண்டிருக்கும்போதோ, தரையில் அசையாமல் கிடக்கும்போதோதான் விழும். வேகமாகச் சுற்றி இழுத்தால் புழுவின் பலமே போய்விடும். ஆகவே அது எப்படி இறங்க வேண்டும் என்பதை நாம் தீர்மானித்துவிட்டுத்தான் கோர்க்க உட்கார வேண்டும்.

குண்டு, முள், புழு மூன்றையும் கோர்க்கும் முறையைத்தான் ரிக் என்கிறார்கள். பாசிக்கு டெக்சஸ் ரிக்தான் சரி. நரம்பில், அதாவது தூண்டில் நூலில், முதலில் தோட்டா வடிவக் குண்டைக் கோருங்கள். அதன் கூர்நுனி ராடைப் பார்த்து இருக்கட்டும். பிறகு முள்ளைக் கட்டுங்கள். நரம்பை இரட்டையாக மடித்துப் போடும் பாலோமர் முடிச்சு போதும், இறுக்கும் முன் எச்சிலால் நனைத்துவிட்டால் நரம்பு தேயாது. முள் ஆஃப்செட் வகையாக இருக்க வேண்டும், அதாவது வளையத்துக்குக் கீழே தண்டு ஒரு படி மடிந்திருக்கும். முள்ளின் அளவு எண் 15 செ.மீ. புழுவுக்கு 3/0, 18 செ.மீ. புழுவுக்கு 4/0, 25 செ.மீ. புழுவுக்கு 5/0 என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது.

புழுவின் தலை நுனியில், நட்டநடுவில் முள்முனையைக் குத்தி, அரை சென்டிமீட்டர் உள்ளே செலுத்தி, பக்கவாட்டில் வெளியே எடுங்கள். மடிந்த பகுதி தலைக்குள் போகும்வரை முள்ளை இழுத்து, பிறகு அரைச் சுற்று திருப்புங்கள். இப்போது முனை புழுவின் உடலைப் பார்த்து நிற்கும். இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். புழுவை முள்ளுக்குப் பக்கத்தில் நேராகத் தொங்கவிட்டு, வளைவு அதன் உடலில் எந்த இடத்தில் படுகிறது என்று பார்த்து, நகத்தால் ஒரு அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் புழுவைக் கொஞ்சம் மடக்கி, முனையைக் குறுக்கே ஏற்றி, மறுபக்கம் முழுவதும் வெளியே வரவிடுங்கள். கடைசியாக, வெளியே வந்த முனையை மேல்தோலில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் செருகுங்கள்.

அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் இருக்கிறது. முனை அப்படியே வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் செடியில் மாட்டும். முனை உடலுக்குள் ஆழப் புதைந்திருந்தால் நீங்கள் சுண்டும் விசை பிளாஸ்டிக்கைக் கிழிப்பதிலேயே தீர்ந்துபோகும், மீனின் வாய்வரை போய்ச் சேராது. கடி விழுந்தும் மீன் ஏறவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். இரண்டாவதாக முள்ளின் இடைவெளி. தடித்த புழுவைக் குறுகலான முள்ளில் கோர்த்தால், கடிக்கும்போது நசுங்கிய பிளாஸ்டிக்கே முனைக்கும் தண்டுக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். பருத்த உடலுக்கு அகன்ற இடைவெளி உள்ள முள்தான் வேண்டும்.

கோர்த்து முடித்ததும் நரம்பைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். புழு கோடு போட்டதுபோல் நேராக இருக்க வேண்டும். நடுவில் புடைத்தோ வளைந்தோ இருந்தால் தண்ணீரில் சுழலும், நரம்பு முறுக்கேறும், அடுத்த வீச்சுகளில் ரீலில் சிக்கல் விழும். வளைந்திருந்தால் கழற்றித் திரும்பக் கோருங்கள். இதில் மட்டும் சோம்பல் கூடாது.

இந்த ரிக் பிறந்ததே உங்களுக்கு இருக்கும் தொல்லையிலிருந்துதான். அமெரிக்காவின் ஓஹையோவில் இருந்த நிக் க்ரீம் 1949இல் உருவாக்கிய மென்மையான பிளாஸ்டிக் புழு விற்பனைக்கு வந்தபோது, அது முனை வெளியே தெரியும் பல முட்களோடு சரமாகக் கோர்க்கப்பட்டுத்தான் வந்தது. மூழ்கிய மரங்கள் நிறைந்த டெக்சஸ் நீர்த்தேக்கங்களில் அதை வீசினால் திரும்ப எடுக்கவா முடியும்? ஒரே முள், அதன் முனையையும் புழுவுக்குள்ளேயே மறைத்துவிடுவது என்ற வழி அங்கே பரவியது. பெயரும் நிலைத்துவிட்டது.

இனி எடை. என்னைக் கேட்டால், கடி விழாதபோது மாற்ற வேண்டிய முதல் விஷயம் இதுதான். பெரும்பாலோர் நிறத்தைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 2 மீட்டருக்குள் ஆழம், காற்று இல்லை, செடி அடர்த்தி இல்லை என்றால் 3.5 கிராம் போதும். கொஞ்சம் ஆழமோ காற்றோ இருந்தால் 5 முதல் 7 கிராம். 14 கிராமும் அதற்கு மேலும், பாசி மேலே பாய் விரித்ததுபோல் மூடிக் கிடக்கும் இடத்தில் அதைத் துளைத்து இறங்குவதற்காக. தரையைத் தொடுவது கையில் தெரிகிற அளவுக்கு மிகக் குறைந்த எடை எதுவோ அதுவே சரியான எடை. குளிர்ந்த தண்ணீரில் மீன் மந்தமாக இருக்கும், இன்னும் குறையுங்கள். செடிக்குள் போடும்போது குண்டு தனியாகவும் புழு தனியாகவும் பிரிந்து மாட்டாமலிருக்க, குண்டுக்கு மேலே நரம்பில் ஒரு ரப்பர் தடுப்பானை இறுக்கிவிடலாம். திறந்த இடத்தில் அது வேண்டாம். குண்டு விலகிப் போனால் புழு இன்னும் மெதுவாக இறங்கும், அது நல்லது.

முடிந்தால் ஈயத்துக்குப் பதில் டங்ஸ்டன் வாங்குங்கள். ஈயத்தைவிட அடர்த்தி அதிகம் என்பதால் அதே எடைக்குக் குண்டு சிறியதாக இருக்கும். கடினமான உலோகம் என்பதால் தரையில் கல்லா சேறா என்பதும் விரலில் தெளிவாகத் தெரியும். தவிர, நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சில அமெரிக்க மாநிலங்களில் சிறிய ஈயக் குண்டுகளுக்குத் தடையே உண்டு. அறுந்து கிடக்கும் குண்டுகளை விழுங்கி லூன் என்னும் நீர்ப்பறவைகள் செத்துப்போவதுதான் காரணம்.

வீசியதும் நரம்பைக் கம்பிபோல் இழுத்துப் பிடிக்காதீர்கள். இழுத்துப் பிடித்தால் புழு ஊஞ்சல்போல உங்களை நோக்கி வந்து, நீங்கள் குறிவைத்த இடத்திலிருந்து விலகிவிடும். லேசான தொய்வோடு நேராக இறங்கவிட்டு, நரம்பு தண்ணீரைத் தொடும் இடத்திலேயே கண்ணை வையுங்கள். கையில் ‘டக்’ என்று தெரிகிற கடி எல்லாருக்கும் புரியும். மற்ற கடிகளைக் கண்தான் பிடிக்கும்: நரம்பு பக்கவாட்டில் நகரும், அல்லது தரை வருவதற்கு முன்பே இறங்குவது நின்றுவிடும். தரைக்கு வந்தபின் ராடைப் பத்து மணி நிலையிலிருந்து பதினொரு மணிவரை மெல்ல உயர்த்தி, திரும்ப இறங்கவிட்டு, தொய்வை மட்டும் ரீலில் சுற்றுங்கள். நடுவில் சும்மா விடுங்கள். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் நல்ல மீன்கள் வருகின்றன.

கடி என்று தெரிந்தால் ராடின் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு, பிறகு பலமாக மேலே சுண்டுங்கள். தொய்வோடு சுண்டினால் விசை முழுக்க நரம்பிலேயே போய்விடும். அதற்காக ரொம்பவும் காத்திருக்கவும் கூடாது. மீன் முள்ளை விழுங்கிவிடும், திரும்ப விட நினைக்கிற மீன் பிழைப்பது கடினமாகிவிடும். ராடு சற்று விறைப்பானது, நரம்பு 12 முதல் 17 பவுண்டு இழுவை தாங்கும் ஃபுளோரோகார்பன், அதாவது தண்ணீரில் எளிதில் தெரியாத ஒற்றை இழை. அடர்ந்த பாசி என்றால் 50 பவுண்டு பின்னல் நரம்பு.

பாசி இல்லாத இடத்தில் மீன் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறதா? வாக்கி ரிக்கைப் போட்டுப் பாருங்கள். தடித்த, நேரான குச்சி மாதிரிப் புழுவின் நடுவில் ஒரு சிறிய ரப்பர் வளையத்தை மாட்டி, அதற்குள் 1/0 அளவு மெல்லிய முள்ளைச் செருகினால் வேலை முடிந்தது. குண்டே வேண்டாம். செயற்கை இரை தயாரிப்பாளர் கேரி யமமோட்டோவின் செங்கோ என்னும் குச்சிப் புழு 1990களில் வந்து இந்த வகையைப் பரவலாக்கியது. அதன் உடலில் நிறைய உப்பு கலந்திருப்பதால் தானே மூழ்கும், இறங்கும்போது இரண்டு முனைகளும் மெல்ல நடுங்கும். நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை, இறங்கவிட்டாலே போதும். இதற்கு மட்டும் பலமாகச் சுண்டாதீர்கள். முனை வெளியே இருக்கிறது, ரீலைச் சுற்றிக்கொண்டே ராடை உயர்த்தினால் தானே ஏறிவிடும்.

ஆழமான திறந்த தரையைத் தேட வேண்டுமென்றால் கரோலைனா ரிக்: 14 முதல் 28 கிராம் குண்டு, ஒரு சிறு மணி, நரம்பு முறுக்கேறாமல் தடுக்கும் சுழலி, அதற்குப் பின் 60 முதல் 90 செ.மீ. நரம்பில் புழு. குண்டு தரையைத் தடவிக்கொண்டு வரும், புழு பின்னால் மிதந்து வரும். மீன் தரைக்குச் சற்று மேலே நிற்கிறது என்று தெரிந்தால் டிராப் ஷாட், அதில் குண்டு அடியில் இருக்கும், சிறிய புழு 30 செ.மீ. மேலே நிற்கும். இரண்டும் அருமையான முறைகள். ஆனால் டெக்சஸ் ரிக் கைக்குப் பழகியபின் கற்றால் போதும்.

நிறத்துக்கு நான் அதிகம் மெனக்கெடுவதில்லை. தெளிந்த தண்ணீருக்குப் பச்சையும் பழுப்பும் கலந்த பூசணி நிறம், கலங்கலுக்குக் கறுப்பும் நீலமும். இந்த இரண்டும் பெட்டியில் இருந்தால் நிம்மதியாகப் போகலாம்.

தலை கிழிந்து முள்ளில் நிற்காத புழுவை உடனே வீசிவிடாதீர்கள், நடு உடல் நன்றாக இருந்தால் வாக்கி ரிக்குக்கு ஆகும். முழுக்கக் கிழிந்ததை மட்டும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போங்கள். தண்ணீரில் விட்டால் உப்பிப் பெரிதாகும், அதை மீன் விழுங்கினால் வயிற்றில் அடைத்துக்கொள்ளும். மிதக்கும் வகைப் புழுக்கள் சில வேறு மூலப்பொருளில் செய்யப்படுகின்றன. அவற்றைச் சாதாரணப் புழுக்களோடு ஒரே பெட்டியில் வைத்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும், அதனால் வந்த பையிலேயே தனியாக வையுங்கள்.