1950களின் பருத்தி கவுனை இன்று தினமும் உடுத்த முடியுமா? எதைப் பார்த்து வாங்குவது?

தாராளமாக உடுத்தலாம். அலமாரியில் மாட்டி அழகு பார்க்கவா அவற்றைத் தைத்தார்கள்? அமெரிக்காவில் ஆடை வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெல் 1942இல் கொண்டுவந்த 'பாப்ஓவர்' கவுன் வீட்டு வேலைக்கென்றே வந்தது. விலை 6.95 டாலர், சூடான பாத்திரம் இறக்க ஒரு கையுறையும் உடன் உண்டு.

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். கோடையில் அலுவலகத்துக்கு இந்தப் பழைய கவுன்கள்தான். இங்கே எல்லோரும் தேடி அலைவது ஹாராக்ஸஸ். பிரஸ்டன் நகரத்துப் பருத்தி ஆலைக்காரர்கள் 1946இல் தொடங்கிய ஆயத்த ஆடைகள். எலிசபெத் ராணியே உடுத்தியவை என்பதால் விலையும் அதற்கேற்ப இருக்கும். தினப்படிக்கு அது வேண்டாம். பஸ்ஸில் உட்காரவே மனம் வராது. யாரோ வீட்டில் தைத்த, பெயர்ச்சீட்டு இல்லாத கவுனைத் தேடுங்கள். விலையும் குறைவு, பெரும்பாலும் தையலுக்குள் துணியும் விட்டிருப்பார்கள். தேவைப்பட்டால் பிரித்துப் பெரிதாக்கலாம்.

கையில் எடுத்ததும் முதலில் அக்குளைப் பாருங்கள். உள்ளே கையை விட்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். அந்த இடத்தில் மட்டும் நெசவு சல்லடையாகத் தெரிந்தால் வியர்வை நூலை அரித்துவிட்டது என்று பொருள். கையைத் தூக்கிய முதல் நாளே கிழியும். "லேசான கறைதான்" என்பார் விற்பவர். வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பட்டன் போனது, கீழ் மடிப்பு பிரிந்தது எல்லாம் அரை மணி நேர வேலை.

1940கள், 50களின் கவுன்களில் ஜிப் பெரும்பாலும் இடது விலாவில், உலோகத்தில் இருக்கும். இறுகியிருந்தால் ஜிப்பின் பற்களில் பென்சிலைத் தேயுங்கள், வழுக்கிக்கொண்டு வரும். நைலான் ஜிப் பரவலானது 1960களில்தான். துவைக்கும் முறை அச்சிட்ட சீட்டை அமெரிக்கா கட்டாயமாக்கியது 1972இல். அது தைத்திருக்கும் அமெரிக்க கவுனை ஒருவர் 1950களுடையது என்றால் சந்தேகப்படுங்கள்.

அளவு எண்ணை நம்பவே நம்பாதீர்கள். பழைய 16, இன்றைய 16ஐவிட மிகச் சிறியது. டேப் வைத்து மார்பையும் இடுப்பையும் அளந்துவிடுங்கள். இழுத்தால் கொடுக்கும் துணி அல்ல இது. உட்கார்ந்து சாப்பிட இடுப்பில் ஓர் அங்குலமாவது தளர்வு வேண்டும்.

துவைக்குமுன் ஈர வெள்ளைத் துணியை உள் தையலில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பாருங்கள். சிவப்பும் கருநீலமும்தான் வம்பு. (1960களில் அமெரிக்கர்களுக்கு நம் மெட்ராஸ் செக் துணியைச் சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். அப்படி ஒன்று அகப்பட்டால் அதற்குத் தனி வாளி.) மெஷின் வேண்டாம், மென்மையான சோப்பு, குளிர்ந்த நீர், நிழலில் உலர்த்தல் போதும். அதே துணியில் தைத்த பெல்ட் இருந்தால் அதை மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள். பல பெல்ட்டுகளுக்குள் இருப்பது வெறும் அட்டை; தண்ணீர் பட்டால் கூழாகிவிடும்.